நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’: எரிப்பும் மறைப்பும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ பெரும்பாலும் நூலகத்துக்கான இரங்கற்பாவாகவே வாசிக்கப்படுகிறது. கவிதையின் நிகழ்வு வரிசை இவ்வாசிப்புக்கு முழுமையாக இடந்தருவதில்லை. கனவில் முதலில் கொல்லப்படுபவர் புத்தர். நூல்கள் பின்னரே எரிகின்றன. அதுவும் அவரது சடலத்தை மறைப்பதற்காக. அவரைக் கொல்லாமல் அற்ப உயிரையும் தம்மால் சுட இயலவில்லை என்னும் பொருளில் சிவில் உடைக் காவலர் தரும் விளக்கமே கவிதையின் மையம். வன்முறையைத் தடுக்கக்கூடிய அறம் ஆள்வோரின் சமயத்திலேயே இருந்தது என்பதை அவ்விளக்கம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. பட்டியலில் இல்லாத பெயர் என்று சினந்த அமைச்சர்களும் இறுதியில் பிணத்தை மறைக்கவே பணிக்கின்றனர்.

தனியரசு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் (1976) நிறைவேறி ஐந்தாண்டுகளின் பின் நிகழ்ந்த எரிப்பைப் பாடும் இக்கவிதையில் தாயகம், உரிமை ஆகிய சொற்கள் இல்லை. அதனால் இதனைப் பொதுவான மனிதநேயக் கவிதை எனக் கொள்வது குறைவாசிப்பு. தன்னாட்சிக் கோரிக்கையை இதன்மீது ஏற்றுவதும் மிகை. கவிஞர் கிழக்கிலங்கை முஸ்லிம் என்பதும், அக்கோரிக்கைக்குள் முஸ்லிம்களின் இடம் சிக்கலானது என்பதும் இங்குக் கருதத்தக்கன. ஆள்வோரின் அறமே கொல்லப்பட்ட நாட்டில் சிறுபான்மையினர் எதனை நம்பி வாழ்வது என்னும் வினாவுக்கு வாசகரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தம்மபதமும் சாம்பலாகுமிடத்தில் கவிதை முடிந்துவிடுகிறது.