தனிச் சீட்டிக்கு ஓர் உருப்படி

நண்பர் ஒருவர் சீட்டிக்கென்று ஓர் உருப்படி எழுதிக்கொண்டிருக்கிறார். மேற்கத்திய பாணிக் கச்சேரி மேடைக்கு. பன்னிரண்டு நிமிஷம், ஒரே ஆள், பக்கவாத்தியம் கிடையாது. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். நான் சங்கீதக்காரன் இல்லை, வெறும் கேட்கிறவன். கேட்கிறவனுக்கும் ஒரு கட்சி உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

சீட்டியை மேடையேற்றியவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்கள்தான் செய்திருக்கிறார்கள். ஒன்று, குருவி மாதிரி அடித்துக் காட்டுவது. மற்றது, வயலினோ புல்லாங்குழலோ செய்வதை உதட்டால் செய்து காட்டுவது. இரண்டிலும் கிடைக்கிற கைதட்டல் 'இது கூட முடியுமா' என்பதற்கான கைதட்டல். சர்க்கஸுக்குக் கிடைப்பதும் அதுதான். நண்பரின் முதல் பக்கமும், மன்னிக்க வேண்டும், அப்படித்தான் இருந்தது. வயலினுக்கு எழுத வேண்டிய வேகத்தைச் சீட்டியின் தலையில் கட்டியிருந்தார்.

சீட்டி ஏழை வாத்தியம். உதட்டைக் குவித்து அடிக்கும் சீட்டி சுமார் 500 ஹெர்ட்ஸிலிருந்து 4000 வரை போகும், அதாவது மூன்று ஸ்தாயி. அதன் உச்சி பியானோவின் கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே இறங்க இடமில்லை. வயலினுக்கு அதன் நிறத்தைத் தருகிற மேல்ஸ்வரங்கள் இதில் இல்லையென்றே சொல்லிவிடலாம். எழுத்துக்கள் கிடையாது, சொல் கிடையாது. குரல்வளைக்கு வேலையே இல்லை. நாக்கு முன்னும் பின்னும் நகர்ந்து வாய்க்குள்ளிருக்கும் காற்றறையை மாற்றுகிறது, ஸ்வரம் மாறுகிறது. உதடு காய்ந்தால் போயிற்று, சிரித்தாலும் போயிற்று. இந்த ஏழ்மையிலிருந்து எழுதாத எதுவும் சீட்டிக்கு எழுதியது ஆகாது என்பது என் கட்சி.

பொய்தோ தன் 'மெஃபிஸ்டாஃபெலே' ஆபெராவில் சாத்தானைச் சீட்டியடிக்க வைத்தார். எல்லாவற்றையும் மறுக்கிறவனுக்குப் பாட்டு ஒரு கட்டத்தில் போதவில்லை. விரலை வாயில் வைத்து அடிக்கும் சீட்டி அது; இசையைக் கிழிக்க வந்தது. 1868-ல் மிலானில் முதல் தடவை மேடையேறியபோது சபையும் சீட்டியடித்தே ஆபெராவை விரட்டியது. இத்தாலியில் சீட்டி என்றால் ஏச்சு. நம் டூரிங் கொட்டகையில் அது ஆரவாரம். போகட்டும்.

எனக்கு முக்கியமானது ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்', 1931. குழந்தைகளைக் கொல்கிறவன் க்ரீகின் மெட்டு ஒன்றைச் சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறான். படத்தில் வேறு பின்னணி இசை கிடையாது. பலூன் விற்கும் குருடன் அந்தச் சீட்டியை வைத்துத்தான் அவனை அடையாளம் காண்கிறான். நடித்த பீட்டர் லோரெவுக்குச் சீட்டியடிக்க வராது. லாங் தானே அடித்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். சுருதி சுத்தமில்லாத சீட்டி. அதில் என்னைத் தொந்தரவு செய்வது, தான் சீட்டியடிப்பது அவனுக்கே தெரியுமா என்பதுதான். பாடுகிறவன் யாருக்காவது பாடுகிறான், தனக்காவது. சீட்டி யாருக்கும் இல்லை. கவனம் வேறெங்கோ இருக்கும்போது உடம்பிலிருந்து கசிவது அது. அதைக் கேட்டுவிட்டவன் ஒட்டுக்கேட்டவன் ஆகிறான்.

அப்படியானால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேர் முன்னால் அதை எப்படிக் கொண்டு வருவது? 1964-ல் மோரிக்கோனே அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீட்டியை 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில் வைத்தபோது அதைச் சுற்றி ஒரு வெளியை உண்டாக்கினார். வித்தை எதுவும் காட்டாத சீட்டி. ஆனால் அங்கே கிட்டாரும் மற்றவையும் வெளியைத் தாங்குகின்றன. திரையில் பொட்டலும் இருக்கிறது. தனியாளுக்கு மௌனம் ஒன்றுதான் உண்டு.

எங்கள் சண்டை இரண்டாம் பக்கத்தில். மூச்சை வெளியே விட்டும் சீட்டியடிக்கலாம், உள்ளே இழுத்தும் அடிக்கலாம். இந்தச் சலுகை பாடகனுக்கில்லை. நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிஷத்துக்கு அறுபடாத ஒரே கோடு எழுதியிருந்தார். மூச்சு திரும்பும் இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று குறிப்பு வேறு. நான் சொன்னேன்: புல்லாங்குழல்காரர் மூச்சை மறைக்கலாம், அவர் கையில் மூங்கில் இருக்கிறது. சீட்டியில் மூச்சைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதையும் மறைத்துவிட்டால் மிச்சம் எது?

"அந்தத் திருப்பத்துல சுருதி ஆடும் ஐயா, அசிங்கமா இருக்கும்" என்றார்.

ஆடட்டும் என்றேன். லாங்கின் சீட்டியைப் பற்றியும் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து வந்த பிரதியில் முதல் பக்கமே இல்லை. இரண்டாம் பக்கத்தில் கோடு ஏழு இடங்களில் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு முறிவிலும் அடுத்த ஸ்வரத்தை மூச்சு இழுத்துத்தான் தொடங்க வேண்டும். அந்த இழுப்பு சபைக்குக் கேட்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். ஓர் இடத்தில் நீண்ட இடைவெளி. அடிக்கிறவர் அங்கே உதட்டை நனைத்துக்கொள்ளலாம், மறைக்க வேண்டியதில்லை. இதை நான் கேட்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தது. என் கட்சியைவிட இது மேல்.

கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்ற மறுக்கிறார். அங்கே அடிக்கிறவர் தொண்டையில் முனகிக்கொண்டே உதட்டில் சீட்டியும் அடிக்க வேண்டும், ஒரே ஆளிடமிருந்து இரண்டு கோடுகள். எனக்கு அது திரும்பவும் சர்க்கஸ். அவருக்கோ, தனியாக இருப்பவனுக்கு வந்து சேருகிற துணை. அடிக்கப்போகிற பையனுக்கு இன்னும் அது சரியாக வரவில்லை.