உப்பைச் சொல்லும் ஒரு சொட்டு

பழவேற்காடு ஏரியின் நீர் ஆண்டு முழுக்க ஒரே சுவையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளிங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால், வெயில் நீரை இழுத்துக்கொண்டு உப்பை விட்டுவைக்கும். சில இடங்களில் அது கடலையே மிஞ்சும். இறால் வரத்தும் இந்த ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது.

அந்த உப்பை அளக்க, ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிரெடரிக் மோர் 1856-இல் தந்த தரம்பார்த்தல் முறை எவ்வளவு அழகானது! கூம்புக் குடுவையில் அளந்து நீர்க்கச் செய்த ஏரித் தண்ணீர். அதில் மஞ்சளான பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு. பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட் இறங்க இறங்க, குளோரைடு வெள்ளை வீழ்படிவாகத் தயிர்போல் திரளும். குளோரைடு தீர்ந்ததும் விழும் சொட்டு வெள்ளி குரோமேட்டாகிச் செங்கல் நிறம் காட்டும். அங்கே குழாயை மூட வேண்டும். செலவான கரைசலிலிருந்து குளோரைடின் அளவு கிடைக்கும். கடல்நீர்க் கணக்கில் அதை 1.80655 ஆல் பெருக்கினால் உப்புத்தன்மை. திறந்த கடலில் அது கிலோவுக்குச் சுமார் 35 கிராம்.

ஒன்று முழுதாக முடியாமல் அடுத்தது தொடங்காத அந்த ஒழுங்கே இதன் பெருமை. மேல்நிலைப் பள்ளி ஆய்வகம் இதற்குப் போதும். ஏரிக்கரைப் பிள்ளைகள் தங்கள் நீரைத் தாங்களே மாதந்தோறும் அளந்து எழுதிவைக்க வேண்டும்.