சிறு திரையில் ஒரு பாம்பு

பழம்பொருள்களுக்கிடையே கிடந்த நோக்கியா கைப்பேசி ஒன்றை அண்மையில் எடுத்து மின்னேற்றிப் பார்த்தோம். சிம் அட்டை இல்லை, பேச வழியில்லை. ஆயினும், ‘ஸ்னேக்’ என்னும் பாம்பு விளையாட்டு அதில் அப்படியே இருந்தது. வண்ணத் திரைகளைப் பார்த்தே வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் நகைத்தார்கள். பிறகு, “எனக்குக் கொடு, எனக்குக் கொடு” என்று போட்டியிட்டார்கள். இதனைப் பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிட இயலாது. அப்பிள்ளைகளுக்கு அதைப் பற்றிய பழைய நினைவு ஏதுமில்லையே! அவ்வாறாயின், ஈர்ப்பு விளையாட்டின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும். அதனை ஒரு படைப்பாகக் கொண்டு சீர்தூக்கிப் பார்ப்போம்.

பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட 6110 என்னும் கைப்பேசியில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. இதற்கு நிரல் எழுதியவர் அந்நிறுவனப் பொறியாளர் டனேலி அர்மாண்டோ. கருத்து முற்றிலும் புதியதன்று. 1976-இல் அமெரிக்காவின் கிரெம்லின் நிறுவனம் உருவாக்கிய ‘பிளாக்கேட்’ என்னும் ஆட்டத்தில், ஆடுவோர் செல்லும் வழியெல்லாம் பின்னால் சுவர் நீளும். சுவரில் மோதினால் தோல்வி. அக்கருத்தை உள்ளங்கைக்குள் அடக்கியதே அர்மாண்டோவின் திறம். அவருக்கு வாய்த்த திரையில் அகலத்திற்கு 84, உயரத்திற்கு 48 புள்ளிகள். மொத்தம் 4,032 புள்ளிகளே. வண்ணமும் இல்லை.

இந்த எளிமைக்குள் அவர் நிகழ்த்தியது என்ன? ஒரு பாம்பு, ஓர் இரை. விதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இரையை உண்ண உண்ணப் பாம்பு நீள்கிறது. நீள நீள அதற்குரிய இடம் குறுகுகிறது. வெளியிலிருந்து பகைவன் எவனும் வருவதில்லை. தான் ஈட்டிய வளர்ச்சியே தன்னைச் சூழ்ந்து தடையாகிறது. வீழ்ச்சிக்கான காரணம் தலைவனின் செயலிலேயே அடங்கியிருக்கும் நல்ல நாடகத்தைப் போன்றது இக்கட்டமைப்பு. வெண்பாவின் தளை புலவனை முடக்குவதில்லை. சொல்லைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறது. இச்சிறு திரையும் அத்தகையதே.

நுட்பமான மற்றொன்றும் உண்டு. பாம்பு சுவரை முட்டும் கணத்தில், ஆட்டத்தை உடனே முடித்துவிடாமல், திசை திருப்பிக்கொள்ளக் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவான ஓர் அவகாசத்தை அர்மாண்டோ வைத்திருந்தார். ஆடுவோர் அதனை அறியார். தம் கைத்திறனால் தப்பியதாகவே மகிழ்வர். விதி கடுமையாயினும், அதற்குள் சிறிது இரக்கமும் ஒளிந்திருந்தது.

குறையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. “இன்னும் ஒருமுறை” என்று ஆடி ஆடி நாமும் உறக்கத்தை இழந்ததுண்டு. 2000-ஆம் ஆண்டில் வந்த 3310 கைப்பேசியின் இரண்டாம் பதிப்பில், பாம்பு ஓர் ஓரத்தில் மறைந்து மறு ஓரத்தில் தோன்றலாயிற்று. அதனால் சுதந்திரம் கூடியது. முதற்பதிப்பின் இறுக்கமோ குறைந்தது என்பது நம் கருத்து.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால், தோற்றவனுக்கு மறுவாய்ப்பை விலைக்கு விற்கின்றன. ஆடாதவனை மணியடித்து அழைக்கின்றன. ஒரு கட்டம் முடியுமுன் மறு கட்டத்தைக் காட்டி இழுக்கின்றன. நம் நேரமே அவற்றின் வருவாய். பாம்பு விளையாட்டுக்கோ நம்மிடம் பெறவேண்டியது எதுவும் இல்லை. கைப்பேசியை விற்றபோதே அதன் கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே, அது நம்மை ஆட அனுமதித்ததைப் போலவே எழுந்து போகவும் அனுமதித்தது.

பிள்ளைகள் விளையாடலாமா, கூடாதா என்று வீடுதோறும் வழக்காடுகிறோம். அதனினும் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: இந்த விளையாட்டு அவர்களைப் போக விடுகிறதா? எளிமையின் சிறப்பை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் நமக்குத் தென்படவில்லை.

அன்று மாலை, கடைசியாக ஆடிய சிறுமியின் பாம்பு தன் வாலிலேயே மோதி நின்றது. அவள் சிரித்துவிட்டுக் கைப்பேசியை மேசைமீது வைத்தாள்; வாசலுக்கு ஓடினாள். அது அவளைத் திரும்ப அழைக்கவில்லை.