சோளகக் காற்றில் வாட் கணக்கு

மே முதல் செப்டெம்பர் வரை மன்னாரில் சோளகம் ஓயாது. தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பியே நாட்டப்பட்டவை. சைக்கிள் பயிற்சி எடுப்பவருக்கோ அதே காற்று பெரும் குழப்பம். ஏ32 வீதியில் இலுப்பைக்கடவைப் பக்கம் வடகிழக்காகப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். வேகம் தானாக ஏறும். திரும்பும்போது அதே கால்கள், அதே உழைப்பு, ஆனால் சைக்கிள் நகர மறுக்கும்.

மணிக்கு 25 கிலோமீற்றரில் ஓடுபவரின் முகத்தில் 20 கிலோமீற்றர் எதிர்காற்று மோதினால், காற்றின் தடை மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இத்தகைய நிலத்தில் வேகத்தை வைத்துப் பயிற்சியை அளப்பது வீண். பவர் மீட்டரின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. கிராங்கிலோ பெடலிலோ பதித்த உணரிகள், மிதிக்கும்போது உலோகம் நுண்ணளவில் வளைவதை அளக்கின்றன. அந்த விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்து வாட் கணக்காகின்றன. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் 200 வாட் 200 வாட்தான்.

ஜேர்மனியப் பொறியியலாளர் உல்ரிச் ஷோபெரர் 1986இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம் இக்கருவியைப் போட்டி உலகுக்குக் கொண்டுவந்தது. 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, கிடைக்கும் சராசரி வாட்டில் 95 வீதத்தை எல்லையாகக் கொண்டு பயிற்சியை வகுப்பது இன்று பரவலான முறை. தொடக்கத்திலேயே சக்தியைக் கொட்டிவிடும் இளம் வீரருக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை.

ஆனால் இக்கருவி வெயிலை அறியாது.

மன்னாரின் நண்பகல் வெக்கையில் உடல், குருதியின் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்பித் தன்னைக் குளிர்விக்கப் பாடுபடுகிறது. வாட் மாறாதிருக்க இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். காலைக் குளிர்ச்சியில் எடுத்த எண்ணை நண்பகலில் விரட்டுபவர் பயிற்சி செய்யவில்லை; உடலை வதைக்கிறார். நேரப்போட்டியிலும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குவது தவறு. எதிர்காற்றில் சற்றுக் கூட்டியும் பின்காற்றில் சற்றுக் குறைத்தும் மிதிப்பவரே மொத்தத்தில் நேரம் மிச்சம் பிடிப்பார். வெப்பநிலை மாறினால் கருவியின் பூச்சிய அளவும் நகரும். ஓடத் தொடங்குமுன் அதைச் சரிசெய்யாவிட்டால் எண்ணே பொய்யாகும். ஒற்றைப் பக்க மீட்டர்கள் ஒரு காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்குவதால், கால்களின் வேறுபாடு மறைந்துபோகும்.

போட்டிகளில் பவர் மீட்டருக்குத் தடை வேண்டும் என்று டூர் டி பிரான்ஸ் இயக்குநர் கிறிஸ்டியான் புருதோம் 2018இல் கோரினார். வீரர்கள் எண்ணைப் பார்த்து ஓடுவதால் போட்டியின் திடீர்த் திருப்பங்கள் அற்றுப்போகின்றன என்பது அவர் வாதம். மன்னாரில் அதைவிடப் பெரிய தடை விலை. லுமாலா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, அந்தச் சைக்கிளை விட விலைகூடிய கருவி எட்டாக்கனி.

ஆகவே ஆளுக்கொரு மீட்டர் தேவையில்லை. சைக்கிளுக்குச் சைக்கிள் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பெடல் மீட்டரைக் கழகமொன்று பொதுவில் வாங்கி, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாரையும் சோதிக்கலாம். மற்ற நாட்களில் இதயத்துடிப்பும், ஓடும்போது பேச முடிகிறதா என்ற எளிய சோதனையும் போதும். பயிற்றுநர்கள் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, உடல் தரும் இந்த அறிகுறிகளைப் படிக்கும் பழக்கத்தையே.