வரி எண்ணின் மேல் ஒரு கட்டளை

ஐபிஎம் பெருங்கணினிகளில் நிரல் எழுதுவோர் புழங்கும் ஐஎஸ்பிஎஃப் தொகுப்பானில், வரிக்கு இடப்புறம் நிற்கும் ஆறு இலக்க எண்ணின் மேலேயே கட்டளையைத் தட்டச்சிடலாம். பகுதியின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் நகலுக்குரிய ‘சிசி’யை இட்டு, சேர வேண்டிய வரியில், பின்னே எனில் ‘ஏ’, முன்னே எனில் ‘பி’ என்று குறித்தால் போதும். இலக்கைக் குறிக்கத் தவறினால், பணி நிலுவையில் உள்ளதெனத் திரையின் மேல்மூலையில் அறிவித்துவிட்டு, பயனர் பக்கங்களைப் புரட்டி இடம் தேடும்வரை தொகுப்பான் காத்திருக்கும்.

பல உறுப்புகளை உள்ளடக்கிய தொகுதிக் கோப்பில், ‘கிரியேட்’ என்ற கட்டளை, குறிக்கப்பட்ட வரிகளைப் புதிய உறுப்பாக்கும். அப்பெயரில் உறுப்பு ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும், மேலெழுத ‘ரிப்ளேஸ்’ என்று தனியே கேட்க வேண்டும். ‘காப்பி’ வேறோர் உறுப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். ‘மூவ்’ அவ்வாறே சேர்த்துவிட்டு மூலத்தை நீக்கிவிடும் என்பதால் அதனிடம் சற்று அச்சம் நன்று.

வரி எண்ணின் மேல் இடும் கட்டளைகளுள் நுட்பமானது, மேற்பொருத்தலைக் குறிக்கும் ‘ஓ’: இலக்கு வரியில் வெற்றிடமாக உள்ள பத்திகளில் மட்டும் மூல வரியின் எழுத்துகளை நிரப்பி, ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைத் தொடாமல் விடுவதால், பத்தி பிசகாத இரு அட்டவணைகளை சில எழுத்துகளிலேயே ஒன்றாக்கிவிடலாம்.