இயங்குதளப் பூசல்: மூன்று மரபுகளும் அவற்றின் நெறிகளும்

எல்லா இயங்குதளங்களும் செய்யும் வேலை ஒன்றுதான். நினைவகத்தைச் செயலிகளுக்குப் பங்கிடுவது, கோப்புகளை வட்டில் அடுக்கி வைப்பது, விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றைக் கட்டி மேய்ப்பது. இந்த உள்வேலையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவற்றைப் பயன்படுத்துவோரின் வாக்குவாதத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது. பூசலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. எதைப் பயனரின் கையில் கொடுப்பது, எதை அவர் கண்ணில் படாமல் மறைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரபும் ஒரு விடை வைத்திருக்கிறது. கை பழகிய பிறகு அந்த விடை, பலவற்றுள் ஒன்றாகத் தெரிவதில்லை, இயற்கையாகவே தெரிகிறது.

மூன்று மரபுகளில் மூத்தது, லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய இது, நிரலர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி. சிறு சிறு கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒன்றிலிருந்து வருவதைக் குழாய் போட்டு இன்னொன்றுக்குள் அனுப்பலாம். வேலை ஒழுங்காக முடிந்தால் பல கட்டளைகள் ஒரு சொல்லும் பேசா. புதியவருக்கு அந்த மௌனம் கலக்கம் தரும். பழகியவர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்வார். 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் நேர் எதிர்த்திசையில் நடந்தது. கட்டளையே வேண்டாம்; படத்தைச் சுட்டு, இழு, விடு. நடுவில் 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸும் அதன் மேல் எழுந்த விண்டோஸும் மூன்றாம் மரபு.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1994இல் ஓர் இதழ்ப் பத்தியில் மேக்கைக் கத்தோலிக்கத்துக்கும் டாஸைப் புராட்டஸ்டண்ட் மரபுக்கும் ஒப்பிட்டார். தமிழருக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உவமை உண்டு. வைணவ வடகலையாரின் மர்க்கட நியாயத்தில் குட்டிதான் தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையாரின் மார்ஜார நியாயத்தில் தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். யூனிக்ஸ் குரங்கின் வழி, மேக் பூனையின் வழி. விண்டோஸை இரண்டிலும் அடக்க முடியாது. பழையதைக் கைவிடாமை என்பதுதான் அதன் நெறி. 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 16 பிட் செயலிகளைக்கூட விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பு இயக்க வல்லது. ஆப்பிளோ 2019இல் 32 பிட் செயலிகள் அனைத்தையும் ஒரே பதிப்பில் நிறுத்திவிட்டது. ஒரு தரப்பார் இதைத் துணிச்சல் என்பர், மறு தரப்பார் அடாவடி என்பர். பழைய கணக்குச் செயலியை நம்பிக் கடை நடத்துபவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய கொள்கைகளைவிடச் சிறிய வேறுபாடுகளே அதிகம் உரசுகின்றன. கோப்புறைகளின் பெயர்களைப் பிரிக்க யூனிக்ஸ் வலப்புறம் சாய்ந்த கோட்டை இடும். விண்டோஸ் இடப்புறம் சாய்ந்ததை இடும். இது யாருடைய ரசனையும் அல்ல, வரலாற்று விபத்து. முதல் டாஸில் கோப்புறை என்பதே கிடையாது. யூனிக்ஸின் சாய்கோடு அங்கே கட்டளைகளின் தெரிவுகளைக் குறிக்கப் போய்விட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறை வந்தபோது மிஞ்சியது மறுபக்கச் சாய்கோடுதான். வரி முடிவிலும் இதே கதை. தொலை அச்சுப்பொறிகளில் தலையை ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறி, தாளை ஏற்ற இன்னொரு குறி. டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும், பழைய மேக் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டன. யூனிக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒன்றாக ஒட்டி நிற்கும் தொல்லை 2018இல்தான் தீர்ந்தது.

கன்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்துவதும் அப்படியே. விண்டோஸ்காரரின் விரலுக்கு அது நகலெடு. யூனிக்ஸ் முனையத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கொன்றுவிடும். மேக் நகலெடுப்பதற்குக் கமாண்ட் என்று தனி விசை வைத்திருப்பதால் அங்கே இந்த மோதல் இல்லை. மூன்றில் சிறந்த தீர்வு அதுவே. சாளரத்தை மூடும் பொத்தான் விண்டோஸில் வலப்புறம், மேக்கில் இடப்புறம். 2010இல் உபுண்டு லினக்ஸ் அதை வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றியபோது எழுந்த எதிர்ப்பு சிறிதல்ல. 2017இல் பொத்தான் வலப்புறமே திரும்பிவிட்டது.

ஆனாலும் மிகக் கடுமையான சண்டை பங்காளிச் சண்டைதான். அது யூனிக்ஸ் குடும்பத்துக்குள் நடந்தது. 1956இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்படிக்கையால் பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி கணினி வணிகத்தில் இறங்க முடியாதிருந்தது. அதனால் யூனிக்ஸின் மூலநிரல் சிறு தொகைக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் முதலியோர் அதை வளர்த்து, 1978 முதல் பிஎஸ்டி என்ற பெயரில் வெளியிட்டனர். 1984இல் ஏடி அண்ட் டி பிளவுபட்டுத் தடை நீங்கியதும் அதன் சிஸ்டம் ஃபைவ் ஒரு பக்கம், பிஎஸ்டி ஒரு பக்கம் என்று குடும்பம் இரண்டுபட்டது. 1988இல் ஏடி அண்ட் டி, சன் நிறுவனங்களின் கூட்டணிக்கு எதிராக ஐபிஎம், டெக், எச்பி முதலியவை தனிச் சங்கம் கண்டன. 1992இல் பெர்க்லி நிரலின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1994இல் சமரசம் ஆனபோது ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே. அதற்குள் 1993இல் விண்டோஸ் என்டி சந்தைக்கு வந்துவிட்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸும் வேரூன்றிவிட்டது. பங்காளிகள் வழக்காடிய நிலத்தில் விளைந்ததை அயலார் அறுத்துக்கொண்டு போனார்கள்.

லினக்ஸும் பூசலோடுதான் வளர்ந்தது. 1992 ஜனவரியில், மினிக்ஸ் என்ற பாட இயங்குதளத்தை எழுதிய ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவம் என்றார். இயங்குதளத்தின் கருவான கெர்னல் சிறியதாக இருக்க, மற்ற வேலைகள் அதற்கு வெளியே தனித்தனியாக நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாம் ஒரே கெர்னலுக்குள் இருந்தால்தான் இன்றைக்கு வேலை நடக்கும் என்பது 22 வயது டோர்வால்ட்ஸின் கட்சி. ஏட்டில் பேராசிரியர் வென்றார், களத்தில் மாணவர் வென்றார். 2014இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில், கணினி எழும்போது எல்லாச் சேவைகளையும் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பற்றி வாக்கெடுப்பு நடந்தது. வாக்குகள் சமமாகி, தலைவரின் வாக்கால் முடிவானது. மறுத்தவர்கள் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

பூசலைத் தீர்க்க வந்த பொது நெறிகளில் முதன்மையானது 1988இன் போசிக்ஸ். நிரல்கள் இயங்குதளத்தை அழைக்கும்போது எது எப்படி நடக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. அந்தப் பெயரை முன்மொழிந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் அவர் அறிவித்த குனு திட்டத்தின் பெயருக்கோ ‘இது யூனிக்ஸ் அல்ல’ என்பதே விரிவு. யூனிக்ஸ் என்ற பெயரைச் சான்றிதழ் பெற்றே சூடலாம் என்பது பின்வந்த விதி. அதன்படி 2007இல் வந்த மேக் பதிப்பு முறையான யூனிக்ஸ். லினக்ஸ் வெளியீடுகளில் பெரும்பாலானவை சான்று பெறாதவை. பூனை வழி என்று பெயரெடுத்த மேக்கின் உள்ளே ஓடுவது குரங்கின் இரத்தம்.

தமிழ்க் கணிமையும் இதே பாதையில் வந்ததுதான். ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஒருவர் தட்டியது மற்றொருவர் திரையில் புரியாத குறிகளாக வரும். டிஸ்கி, டாம், டாப் என்று தனித்தனி அணிகள் இருந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடு, டேஸ் 16 ஆகிய குறியேற்றங்களைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்பே, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவாகியிருந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு என்ற அமைப்புடைய அந்த விசைப்பலகை இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. ஆயினும் பழைய தட்டச்சு முறையில் கை பழகியவர்கள் அதிலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.