சூலூரில் ஒரு புகைபோக்கி

தமிழில் இன்றைக்கு அதிகமாக அச்சாகிற இலக்கிய வகை எது? கவிதை என்று சொல்வீர்கள். என் கணக்கில் வீட்டுமனை ப்ரோஷர்தான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்து ஒரு உதறு உதறினால் நாலு விழும். வழுவழு காகிதம், எட்டுக் கலர். எந்த விமர்சகரும் இந்த வகையைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சரி, நாமாவது ஒரு மதிப்புரை எழுதலாமே என்று சூலூர், பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கத்துப் பிரசுரங்களாக ஒரு டஜன் சேர்த்துவைத்துக்கொண்டு படித்தேன். சொல்லிவைத்த மாதிரி எல்லாமே ‘அமைதியான கிராமத்தில் அழகான வீடு’தான்.

முதலில் நடை. ப்ரோஷரில் கிலோமீட்டர் என்ற வார்த்தையே கிடையாது. எல்லாத் தூரமும் நிமிஷத்தில். ஏர்போர்ட் 15 நிமிஷம், ஸ்கூல் 5 நிமிஷம். காலை ஒன்பது மணிக்குச் சிங்காநல்லூர் சிக்னலில் நின்று பார்த்தவர் யாரும் இதை எழுதியிருக்க முடியாது. அடுத்தது பெயர். மெடோஸ், வில்லேஜ், கவுண்டி. கொங்கு நாட்டில் ‘கவுண்டி’ என்று பெயர் வைத்தால் படிக்கிறவனுக்குக் கவுண்டமணி ஞாபகம்தானே வரும்? அப்புறம் படம். சரிந்த ஓட்டுக் கூரை, வெட்டிவிட்ட புல்தரை, வெள்ளை மர வேலி. ஒரு ப்ரோஷரில் கூரைமேல் புகைபோக்கியே இருந்தது! சித்திரை வெயிலில் சூலூர்க்காரர் கணப்பு மூட்டிக் குளிர் காய்வதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

படத்தில் இருப்பது சூலூரே இல்லை, இங்கிலாந்துக் கிராமம். அதுவும் நிஜமான இங்கிலாந்துக் கிராமம் இல்லை, புத்தகத்திலும் டி.வி.யிலும் வருகிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் பாட்டி குடியிருக்கும் செயின்ட் மேரி மீட் அப்படிப்பட்ட ஊர்தான். 1930-ல் வந்த முதல் மார்ப்பிள் நாவலிலேயே பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் பிணம். அவ்வளவு அமைதி!

இந்த ஆசைக்கு 1989-ல் நெய் ஊற்றியவர் பீட்டர் மேய்ல் என்ற ஆங்கிலேயர். பிரான்சின் தெற்கே ஒரு கிராமத்தில் பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறி, ஒரு வருஷ வாழ்க்கையை ‘எ இயர் இன் ப்ரோவான்ஸ்’ என்று எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் வீட்டைத் தேடிக்கொண்டு வண்டி வண்டியாக வந்துவிட்டார்கள். மனுஷர் அமைதி தேடிக் கொஞ்ச காலம் அமெரிக்காவுக்கே போக வேண்டியதாயிற்று. எழுத்தாளர் ஆவதற்கு முன் அவர் பார்த்த தொழில் என்ன தெரியுமா? விளம்பரம்.

அங்கேயே உள்ளூர்க்காரன் கதி என்ன? கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்று கடலோரச் சிற்றூர். லண்டன் பணம் வந்து விடுமுறை வீடுகளாக வாங்கித் தள்ளியதில், அந்த ஊர்ப் பிள்ளைகளால் அந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை. 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டுகிற வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். எண்பது சதவீதத்துக்குமேல் ஆதரவு. இதை எந்த ப்ரோஷரும் மொழிபெயர்க்காது.

சூலூருக்கு வருவோம். அமைதி என்கிறார்கள். விமானப்படைத் தளம் இருக்கிற ஊர் ஐயா இது! 2018-லிருந்து தேஜஸ் போர் விமானங்கள் இங்கிருந்து பறக்கின்றன. அது தலைக்குமேல் போனால் செல்போனில் பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டு, போன பிறகுதான் தொடர்வார். 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயினோடு இங்கிலாந்தின் டைஃபூன் விமானங்களும் வந்து இறங்கின. சூலூரில் இங்கிலாந்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு அது போதும்.

இன்னொரு சத்தம் விசைத்தறி. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் என்று சுற்றிலும் ராப்பகலாக ஓடுவது. வெளியூர்க்காரருக்கு அது இரைச்சல். இங்கே பிறந்தவனுக்கு அது கூலி. 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறிகள் நின்றபோது ஊர் நிஜமாகவே அமைதியாக இருந்தது. யாரும் ப்ரோஷர் அடிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குடியானவர் பலருக்கும் ஊருக்குள் வீடு கிடையாது. அவரவர் தோட்டத்திலேயே சாளை, கட்டுத்தரை, கிணறு. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் பெரிய விஷயம். பிள்ளைகள் கோயமுத்தூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட, வயசானவர்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே இருக்கிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்தில் வயதான தம்பதி. அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டங்களில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. ‘இயற்கையோடு தனிமை’ என்ற வரியை அந்த வீடுகளில் யாராவது உரக்கப் படித்துக் காட்டட்டும்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ‘பண்ணை வீடு’ என்று 10 சென்ட் துண்டுகளாக விற்கிறார்கள். 10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி விடவேண்டும். ஆகமொத்தம் ஏழு மரம். அதில் வீடும் கட்டி, காரும் நிறுத்தினால் மூணு மரம் தேறலாம். மரத்துக்கு வருஷம் நூறு காய் என்றாலும் முந்நூறு காய். சட்னிக்கு ஆகும். விலை 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 2,70,000 ரூபாய் தனி. ப்ரோஷரில் இது பொடி எழுத்தில்கூட இல்லை.

ஒரு புரோக்கர் தம்பியிடம் கேட்டேன்.

“அப்ரூவல் இருக்குதுங்களா?”

“தோட்டத்துக்கு எதுக்குங்கண்ணா அப்ரூவல்? இது பண்ணை நிலமுங்க. வேலி போட்டு ஒரு ரூம் கட்டிக்குங்க, ஆரு கேக்கப்போறாங்க?”

கேட்டிருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று ஒரேயடியாக நிறுத்தியது. பணம் கட்டிவிட்டுப் பத்திரம் பதிய முடியாமல் மாநிலம் முழுக்க ஜனங்கள் தவித்தார்கள். 2017 மே மாதம் அரசு வரைமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவைதான் அதில் சேர்த்தி. அதற்கப்புறம் வாங்குகிற அனுமதியில்லாத துண்டுக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார்.

அதே தம்பியிடம் இன்னொன்றும் கேட்டேன். கொங்கு நாட்டில் ஒவ்வொரு காட்டுக்கும் பேர் உண்டு. மேக்காடு, கிணத்துக்காடு, பள்ளக்காடு. “இந்தக் காட்டுக்கு என்னங்க பேரு?” தம்பி யோசித்துவிட்டு, “ஃபேஸ் டூங்கண்ணா” என்றார்.

ஒரு டஜன் ப்ரோஷரையும் படித்து முடித்தபோது எனக்கு உறுத்தியது இதுதான். வாங்குகிறவர் சிரிக்கிறார், அவர் மனைவி சிரிக்கிறார், நாய்க்குட்டிகூடச் சிரிக்கிறது. விற்றவர் எங்கே? பக்கத்துக்குப் பக்கம் தேடினேன். இல்லை.

அவரைப் பார்க்க வேண்டுமானால் வேறு புத்தகத்துக்குப் போக வேண்டும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-ல் வந்த கொங்கு நாவல். புருஷனை இழந்த ஒரு பெண், கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை, முடிவது கொலையில். மண்ணைப் பார்த்ததும் மனசு லேசாகிறது என்று ப்ரோஷர் சொல்கிறதே, அந்த மண்ணுக்காக ஒரு வீட்டுக்குள் மனசு எவ்வளவு கனத்துப்போகும் என்பதைச் சண்முகசுந்தரம் சின்னப் புத்தகத்தில் காட்டிவிட்டார். அந்த ஊரும் அமைதியான கிராமம்தான்.

இன்னும் பொருத்தமானது பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’. 1991-ல், 25 வயதுவாக்கில் எழுதியது. காலனி வீடுகள் கட்டுவதற்காக நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கைக்குப் பணம் வருகிறது. பணம் வந்த குடும்பம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது என்பதை ஒரு பையனின் கண்ணால் பார்க்கிறோம். யாரும் வில்லன் இல்லை. வாடகை வீட்டில் மாட்டியவர்களுக்கு வீடு தேவைதானே? அந்த நியாயத்தையும் மறுக்க முடியாமல், பெயர்த்தெறியப்பட்டவர்களையும் மறக்க முடியாமல் படிக்கிறவர் தவிக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, விற்றவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரே ப்ரோஷர் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாவலுக்கே உரிய படபடப்பு உண்டு, துயரத்துக்கு மேல் துயரம் என்று பின்பாதி கொஞ்சம் அடுக்கிக்கொண்டே போகிறது. 2020-ல் இங்கிலீஷிலும் வந்துவிட்டது. தமிழிலேயே படிப்பது நல்லது, அந்தப் பேச்சுக்காக. சைட் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி ராத்திரி ஆரம்பித்தால், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.